டிராக்டர் எஞ்சின் ஏறிய பிக்கப்: கூரம் வட்டாரப் பட்டறை அனுபவம்

டீசல் டிராக்டரின் எஞ்சினைக் கழற்றிப் பிக்கப் வண்டியின் சாசியில் ஏற்றும் வேலையில், எஞ்சினுக்குள் செய்ய வேண்டியது குறைவு. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் செய்ய வேண்டியதுதான் அதிகம். நல்ல நிலையில் உள்ள எஞ்சினைச் செயின் பிளாக்கில் தூக்கி ஒரே பகலில் சாசிக்குள் இறக்கிவிடலாம். அதன் வேகம், எடை, அதிர்வு, ஆயில் சம்ப்பின் உருவம், ஃப்யூல் பம்ப்பின் குணம் ஆகிய ஐந்தையும் வண்டிக்கு இசைய வைப்பதற்குத்தான் வாரங்கள் பிடிக்கும். இந்த ஐந்தில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டாலும் வண்டி ஓடும். ஆனால் கிளட்சோ கியர்பெட்டியோ பிரேக்கோ அதற்கு விலை கொடுக்கும்.

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் ஏரிப்பாசன ஊர். 7-ஆம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவன் முதலாம் பரமேஸ்வரவர்மனின் கூரம் செப்பேடு, பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு வாய்க்கால் வழியாகப் பரமேஸ்வர தடாகத்துக்கு நீர் கொண்டுவந்ததைச் சொல்கிறது. இப்படிப்பட்ட நெல் வட்டாரத்தில் டிராக்டருக்கு முதல் வேலை சேற்றுழவு. கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் இறங்கும் டிராக்டரில் ஆயில் சீல்கள் வழியாகத் தண்ணீரும் சேறும் பின் அச்சுக்குள் புகுந்து, பேரிங்குகளையும் பல்சக்கரங்களையும் முதலில் தின்கின்றன. பின்பக்கம் தேய்ந்து மூலையில் நிற்கும் டிராக்டரில் எஞ்சின் மட்டும் திடமாக மிஞ்சுவது இதனால்தான். மறுபக்கம், நெல் மூட்டையும் காய்கறியும் பட்டு நூல் கட்டுகளும் ஏற்றிக் காஞ்சிபுரத்துக்கும் அரக்கோணத்துக்கும் ஓடும் பிக்கப்பில் சாசியும் அச்சுகளும் நன்றாக இருக்க, எஞ்சின் முதலில் கைவிடும். இந்த இரண்டும் ஒரே ஷெட்டில் அருகருகே நிற்கும்போது ஒன்றின் எஞ்சினை மற்றதில் ஏற்றும் எண்ணம் எவருக்கும் வரும்.

அந்த எண்ணம் புதிதும் அல்ல, கிறுக்குத்தனமும் அல்ல. இந்தியாவில் பெரிய தொழிற்சாலைகளே அந்த வழியில் நடந்திருக்கின்றன. 1963-இல் மஹிந்திரா நிறுவனம், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர், வோல்டாஸ் ஆகியவற்றோடு சேர்ந்து இன்டர்நேஷனல் டிராக்டர் கம்பெனி ஆஃப் இந்தியாவைத் தொடங்கியது. 1977-இல் அந்த நிறுவனம் மஹிந்திராவோடு இணைந்தது. அங்கே உருவான பி-275 டிராக்டரின் நான்கு சிலிண்டர் எஞ்சின் பிரிட்டனில் வடிவமைக்கப்பட்டது. சிலிண்டர் விட்டம் 3⅜ அங்குலம், ஸ்ட்ரோக் 4 அங்குலம். இந்தக் குடும்பத்து எஞ்சின்தான் பிறகு மஹிந்திராவின் டீசல் ஜீப்புகளில் ஏறியது. பின்னாளில் போலேரோ வண்டிகளில் வந்த 2,523 சி.சி. டி.ஐ. எஞ்சினின் அளவை எடுத்துப் பார்த்தால் விட்டம் 88.9 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 101.6 மில்லிமீட்டர், அதாவது மூன்றரை அங்குலமும் நான்கு அங்குலமும். பழைய டிராக்டரின் ஸ்ட்ரோக் அப்படியே நிற்கிறது. கிராமத்துப் பட்டறையில் செய்யப்பட்டதும் தொழிற்சாலையில் செய்யப்பட்டதும் அடிப்படையில் ஒரே வேலை. வேறுபாடு என்னவென்றால், தொழிற்சாலை அந்த எஞ்சினைச் சாலைக்கென்று திருத்தி, சோதித்து, பிறகே வெளியே விட்டது.

சென்னைப் பக்கத்துக் கதை சிம்சனுடையது. செம்பியத்தில் உள்ள சிம்சன் ஆலை பிரிட்டனின் பெர்கின்ஸ் நிறுவனத்து வடிவமைப்பில் டீசல் எஞ்சின்களைச் செய்தது. பெட்ரோல் எஞ்சினோடு வந்த லாரிகளில் அதை எடுத்துவிட்டு ஆறு சிலிண்டர் பெர்கின்ஸ் பி-6 டீசலை ஏற்றுவது ஒரு காலத்தில் முறையான, பெரிய தொழிலாகவே நடந்தது. 1960-இல் தொடங்கிய டாஃபே நிறுவனம் மாசே ஃபெர்குசன் டிராக்டர்களைச் செய்தபோது அவற்றிலும் சிம்சனின் மூன்று சிலிண்டர் எஞ்சின்கள் அமர்ந்தன. இங்கிலாந்திலும் பழைய லேண்ட் ரோவர்களில் பெர்கின்ஸ் 4.203 எஞ்சினை ஏற்றி ஓட்டியவர்கள் பலர். தமிழ்நாட்டு ஷெட்டுகளில் பழகிய எஞ்சின்கள் இன்டர்நேஷனல், பெர்கின்ஸ் என்ற இந்த இரண்டு குடும்பங்களைச் சேர்ந்தவை என்பதால், மாற்று வேலைக்கு எடுக்கப்பட்டவையும் பெரும்பாலும் இவையே. உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். ஹெட் இறக்கத் தெரிந்த கைகளும் ஊருக்கு ஊர் உண்டு.

டீசலுக்கு மாறும் ஆசையின் வேர், விலை வித்தியாசம். பல பத்தாண்டுகளாக டீசல் பெட்ரோலைவிட வெகுவாக மலிவாக இருந்தது. பெட்ரோல் விலையின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாடு 2010 ஜூனிலும், டீசல் விலையின் மீதிருந்தது 2014 அக்டோபரிலும் நீங்கிய பிறகு அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. செலவைக் கணக்கிட்டு எஞ்சின் மாற்றியவர்களுக்கு இருந்த முதல் காரணம் அப்போதே பாதி போய்விட்டது.

மீதிப் பாதியைச் சட்டம் எடுத்துக்கொண்டது. ஸ்பேனரைத் தொடும் முன் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. எஞ்சினை மாற்றினால் பதிவு அலுவலரின் ஒப்புதல் வேண்டும், காஞ்சிபுரத்து டி.என். 21 வண்டியானால் அது காஞ்சிபுரம் ஆர்.டி.ஓ. அலுவலகம். ஆர்.சி. புக்கில் எஞ்சின் எண், எரிபொருள் வகை இரண்டும் பதிவாகியிருப்பதால் எஃப்.சி.க்குப் போகும் நாளில் எதையும் மறைக்க முடியாது. 2019-இல் திருத்தப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் வண்டி உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். இன்னொரு தடையும் உண்டு. டிராக்டர் எஞ்சின்களின் புகைக்கு ‘டிரெம்’ என்ற தனி வரையறை. சாலை வண்டிகளுக்குப் பாரத் ஸ்டேஜ் வரையறை, 2020 ஏப்ரல் முதல் அதன் ஆறாம் நிலை. வயலுக்கென்று தேர்ச்சி பெற்ற எஞ்சின் சாலைக்குத் தேர்ச்சி பெற்றதாகாது. இதையெல்லாம் வெறும் காகிதச் சிக்கல் என்று தள்ளிவிட முடியாது. விபத்து நடந்து காப்பீட்டுக் கோரிக்கை போகும்போது, ஆர்.சி.யில் இல்லாத எஞ்சின் முதல் கேள்வியாக எழும். அடிபட்ட மூன்றாம் மனிதரின் இழப்பீடும் அங்கே சிக்கிக்கொள்ளும். ஆகவே இன்றைக்கு இந்த வேலைக்கு நியாயமான இடம், பொதுச்சாலையைத் தொடாமல் பண்ணைக்குள்ளும் செங்கல் சூளைக்குள்ளும் சுற்றும் வண்டிகளே. பழைய மாற்று வண்டிகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்குக்கும் இந்த அறிவு வேண்டும்.

இனி வேலை. டிராக்டருக்குச் சாசி கிடையாது என்பதை முதலில் மனத்தில் வாங்க வேண்டும். பெரும்பாலான டிராக்டர்களில் முன் அச்சுத் தாங்கி, எஞ்சின், கிளட்ச் கூடு, கியர்பெட்டி, பின் அச்சு எல்லாம் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இறுக்கப்பட்டு, அந்தத் தொடரே வண்டியின் முதுகெலும்பாக நிற்கிறது. அந்தச் சுமையைத் தாங்கத்தான் மாசே ஃபெர்குசன் போன்ற டிராக்டர்களில் ஆயில் சம்ப்பை வார்ப்பிரும்பில் கனமாகச் செய்கிறார்கள். பிக்கப்பில் அந்த வலிமைக்கு வேலையே இல்லை. அதன் எடையும் உயரமும்தான் மிச்சம். எஞ்சினை இறக்கிப் பார்த்தால் சம்ப் முன் அச்சிலோ குறுக்குச் சட்டத்திலோ ஸ்டியரிங் ராடிலோ போய் முட்டும். அதே எஞ்சினின் லாரி வகைக்கோ ஜெனரேட்டர் வகைக்கோ வந்த தகட்டுச் சம்ப் கிடைத்தால் அதுவே சரியான தீர்வு. கிடைக்காதபோது தகட்டை மடித்து வெல்டிங் செய்து புதிய சம்ப் கட்டுவார்கள். அப்போது எண்ணெய் உறிஞ்சும் குழாயையும் சல்லடையையும் சம்ப்பின் ஆழமான பகுதிக்குக் கொண்டுபோக வேண்டும். மேட்டில் ஏறும்போதும் சடன் பிரேக் அடிக்கும்போதும் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கும். உறிஞ்சும் வாய் வெளியே தெரிந்த அந்த ஓரிரு நொடிகளில் ஆயில் பிரஷர் விழுந்து பேரிங் தேயும். சம்ப்புக்குள் குறுக்குத் தடுப்புத் தகடு வைப்பது இதற்காகவே.

அடுத்தது இணைப்பு. டிராக்டர் எஞ்சினின் பின்முகத்தில் உள்ள போல்ட் துளைகள் பிக்கப்பின் பெல் ஹவுசிங்கோடு சேராது. நடுவில் ஒரு கனத்த இரும்புத் தகட்டை வைத்து, ஒரு பக்கம் எஞ்சினுக்கும் மறுபக்கம் பெல் ஹவுசிங்குக்கும் துளையிட்டு இணைப்பதே வழி. இந்தத் தகடுதான் மொத்த வேலையின் உயிர்நாடி. கியர்பெட்டியின் உள்ளீட்டு ஷாஃப்டும் கிராங்க் ஷாஃப்டும் ஒரே அச்சில் அமைய வேண்டும். அனுமதிக்கக்கூடிய விலகல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. கண் அளவில் துளை போட்டு முடித்த வண்டியைக் கிளட்ச் காட்டிக்கொடுக்கும். பெடலை மிதித்தாலும் கியர் கரகரவென்று விழும், பைலட் பேரிங் சீக்கிரமே சத்தம் போடும், கிளட்ச் பிளேட்டின் நடு மையம் பிய்ந்துகொண்டு வரும். ஃப்ளைவீலில் டயல் கேஜைப் பொருத்தி, பெல் ஹவுசிங்கின் உள்வட்டத்தைச் சுற்றி முள்ளை ஓடவிட்டு, சமமானதும் தகட்டில் டவல் பின் அடித்து நிலைநிறுத்துவது முறை. போல்ட் இறுக்கிப் பிடிக்கத்தான். இடத்தைத் தீர்மானிப்பது டவல் பின்தான். அவசரத்தில் இந்த ஒரு படியை விடுபவர்கள் ஆண்டுக்கு ஒரு கியர்பெட்டி மாற்றுவார்கள்.

ஃப்ளைவீலிலும் லேத் வேலை உண்டு. பல டிராக்டர்களில் ஓட்டத்துக்கு ஒன்று, பின்னால் மாட்டும் கருவிகளைச் சுற்றும் பி.டி.ஓ.வுக்கு ஒன்று என இரட்டைக் கிளட்ச் இருக்கும். அதை எடுத்துவிட்டு, பிக்கப்பின் ஒற்றைப் பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் உட்காருமாறு ஃப்ளைவீல் முகத்தைச் சீவித் துளையிட வேண்டும். எடையைக் குறைக்கும் ஆசையில் அதிகமாகச் சீவக் கூடாது. மூன்று சிலிண்டர் எஞ்சினில் ஒரு வெடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவே 240 டிகிரி இடைவெளி. அந்த இடைவெளியைக் கடத்துவது ஃப்ளைவீலின் எடைதான்.

வேகக் கணக்கு இந்த வேலையில் மிக முக்கியமானது. பலரும் இதை வண்டி ஓடத் தொடங்கிய பிறகே போடுகிறார்கள். 35 குதிரைத்திறன் டிராக்டர் எஞ்சின் அந்தத் திறனை நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுற்றில் தருகிறது. கணக்கிட்டால் 123 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. 60 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின் 4,500 சுற்றில் தருவது அந்த வேகத்தில் 94 நியூட்டன் மீட்டர்தான். சுமை இழுப்பதில் டிராக்டர் எஞ்சின் தோற்காது; ஆனால் வேகமாகச் சுற்றாது. பிக்கப் டயர் ஒரு சுற்றில் 2.2 மீட்டர் உருள்கிறது என்று கொள்வோம். டாப் கியர் நேரிணைப்பாகவும், கிரவுன்–பினியன் 41-க்கு 9 பல்லாகவும் (விகிதம் 4.56) இருந்தால், 3,600 சுற்றுப் போகும் எஞ்சின் வண்டியை 104 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோகும். அதே வண்டியில் 2,200 சுற்றோடு நிற்கும் டிராக்டர் எஞ்சின் ஏறினால் உச்ச வேகம் 64. பழைய ஜீப் அச்சு 43-க்கு 8 பல்லோடு (5.38) வந்திருந்தால் 54-க்கு மேல் போகாது. 41-க்கு 11 பல் (3.73) கிடைத்தால் 78 வரும். ஓவர்டிரைவ் உள்ள ஐந்து கியர் பெட்டி போட்டால் 4.56 அச்சிலேயே சுமார் 75 எட்டலாம். ஆகவே எஞ்சினை வாங்கும் முன் டிஃபரன்ஷியல் மூடியைத் திறந்து பல்லை எண்ணுவதே முதல் வேலை.

பல்லை மாற்றச் செலவாகும் என்று கவர்னர் திருகைத் திறந்து எஞ்சினை 3,000 சுற்றுக்கு ஏற்றிவிடும் பழக்கம் ஒன்று உண்டு. இதைப் போல எஞ்சினைக் கொல்லும் காரியம் வேறில்லை. 127 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் உள்ள பெர்கின்ஸ் குடும்ப எஞ்சினில் 2,200 சுற்றின்போது பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 9.3 மீட்டர், 3,000 சுற்றில் 12.7. கனெக்டிங் ராடும் அதன் போல்ட்டும் தாங்க வேண்டிய இழுவிசை வேகத்தின் இருமடிப் படி கூடுவதால் ஏறக்குறைய 1.86 மடங்காகிறது. வயலில் இருபது ஆண்டு உழைத்த ராட் போல்ட்டுக்கு அந்தச் சோதனை தேவையில்லை. நான்கு அங்குல ஸ்ட்ரோக் கொண்ட இன்டர்நேஷனல் குடும்பத்து எஞ்சினைச் சாலைக்கு ஏற்றுவது எளிதாக இருந்ததற்கு அதன் குட்டை ஸ்ட்ரோக்கும் ஒரு காரணம். அப்படியிருந்தும் தொழிற்சாலை அதை 3,200 சுற்றுக்குக் கொண்டுபோனது உள்ளே பல பாகங்களைத் திருத்திய பிறகே.

ஃப்யூல் பம்ப்பின் குணம் ஓட்டுநருக்கு முதல் கிலோமீட்டரிலேயே தெரியும். டிராக்டர் பம்ப்பில் இருப்பது எல்லா வேகத்தையும் ஆளும் கவர்னர். கை லீவரை ஒரு இடத்தில் வைத்தால், கலப்பை கனத்த மண்ணில் இறங்கினாலும் இளகிய மண்ணில் ஏறினாலும் அந்தச் சுற்றையே பிடித்து நிற்கும். சாலை வண்டிகள் பலவற்றின் கவர்னர் ஐடில் வேகத்தையும் உச்ச வேகத்தையும் மட்டும் பார்த்துக்கொள்ளும். நடுவில் டீசல் அளவைக் கால்தான் தீர்மானிக்கும். டிராக்டர் பம்ப்பை அப்படியே வைத்து ஓட்டினால் ஆக்சிலரேட்டரில் சிறு அசைவுக்கும் வண்டி துள்ளும். காலை எடுத்த உடனே டீசல் முழுதாக நின்று தலை முன்னால் போகும். நெரிசலில் ஓட்டுபவர் களைத்துப்போவார். அந்த எஞ்சினின் சாலை வகைக்கு உரிய பம்ப்பைத் தேடி மாட்டுவதும், பம்ப் கலிபரேஷன் செய்யும் இடத்தில் கொடுத்துச் சுற்றையும் டீசல் அளவையும் பெஞ்சில் வைத்துச் சரிபார்ப்பதும் வீண் செலவல்ல. பெட்ரோல் டேங்க்கை அப்படியே பயன்படுத்துவதானால் நன்றாகக் கழுவி, நாசில்களிலிருந்தும் பம்ப்பிலிருந்தும் மிச்ச டீசல் திரும்பி வர ஒரு குழாயையும் சேர்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்தச் சாவி போதாது. டீசலை அடைக்கும் இழுகம்பியோ சோலினாய்டோ கட்டாயம் வேண்டும்.

இந்த வேலையில் உயிரோடு விளையாடும் இடம் பிரேக். பெட்ரோல் வண்டியில் பிரேக் பூஸ்டர் வேலை செய்வது இன்டேக் மேனிஃபோல்டின் வெற்றிடத்தால். டீசல் எஞ்சினில் காற்றைத் தடுக்கும் திராட்டில் இல்லாததால் அங்கே வெற்றிடம் உண்டாவதில்லை. பழைய குழாயை அப்படியே புது மேனிஃபோல்டில் சொருகிய வண்டிக்குப் பூஸ்டர் இருந்தும் இல்லாததுதான். சுமையில்லாமல் தெருவில் ஓட்டிப் பார்க்கும்போது பெடல் கொஞ்சம் கனமாகத் தெரியும், அவ்வளவுதான். ஒரு டன் ஏற்றி இறக்கத்தில் வரும்போது கால் பலம் போதாது. ஆல்டர்னேட்டரின் பின்னால் வாக்குவம் பம்ப் சேர்ந்தே வருவது இந்திய டீசல் வண்டிகளில் சாதாரணம். அதை மாட்டி, அதன் எண்ணெய்க் குழாயை எஞ்சினின் ஆயில் காலரியோடு இணைத்து, பூஸ்டர் குழாயில் ஒருவழி வால்வையும் வைக்க வேண்டும். சோதனை எளிது. எஞ்சின் நின்றிருக்கும்போது பெடலைப் பல முறை மிதித்து வெற்றிடத்தைத் தீர்த்துவிட்டு, காலைப் பெடலில் வைத்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் தானாகச் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காத வண்டியை வாசலைத் தாண்ட விடக் கூடாது.

மவுண்டிங் ரப்பரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. டிராக்டரில் ரப்பரே இல்லாமல் இறுக்கப்பட்டிருந்த எஞ்சின், சாசியில் ரப்பர் மேல்தான் உட்கார வேண்டும். முன்னால் இரண்டும் கியர்பெட்டிக்குக் கீழே ஒன்றும் போதும். ரப்பர் மிருதுவாக இருந்தால் ஐடிலில் எஞ்சின் ஆடி ரேடியேட்டர் ஓஸைப் பிய்க்கும். கெட்டியாக இருந்தால் மட்கார்டு வெல்டிங் விரியும். சம்ப்போடு சேர்த்து இருநூறு கிலோவைத் தாண்டும் எடை முன்பக்கம் இறங்குவதால் முன் பட்டையில் ஒரு பிளேட் கூட்ட நேரிடும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளத்தையும் இரு முனைகளின் சாய்வையும் சுமை ஏற்றிய நிலையில் அளக்க வேண்டும். காலி வண்டியில் அளந்தால் சாய்வு மாறிவிடும். ரேடியேட்டர் டிராக்டருடையதானால் உயரம் இடிக்கும், பிக்கப்புடையதானால் ஃபேன் நடுவில் வராது. எதை வைத்தாலும் ஃபேனைச் சுற்றித் தகட்டுக் கூடு கட்டாவிட்டால், மெதுவாகச் சுற்றும் எஞ்சினின் ஃபேன் மே மாத வெயிலில் காற்றை இழுக்காது.

வேலை முடிந்ததும் ஃபில்டரிலும் பம்ப்பிலும் உள்ள திருகுகளைத் தளர்த்தி, கைப்பம்ப்பால் நுரையில்லாமல் டீசல் வரும்வரை ஏர் லாக் எடுத்து ஸ்டார்ட் செய்கிறார்கள். முதலில் காலியாகவும், பிறகு பாதிச் சுமையோடும், கடைசியாக முழுச் சுமையோடும் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் இணைப்புத் தகட்டின் போல்ட்டுகள், மவுண்டிங் போல்ட்டுகள், ஸ்டியரிங் ராடுக்கும் சம்ப்புக்கும் உள்ள இடைவெளி, வாக்குவம் குழாய், கிளட்ச் கூட்டின் அடித்துளையில் எண்ணெய்க் கசிவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். முதல் 500 கிலோமீட்டரில் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றி, சம்ப்பில் இறங்கிய எண்ணெயைத் துணியில் வடிகட்டி, உலோகப் பொடி இருக்கிறதா என்று தேய்த்துப் பார்ப்பார்கள். பித்தளை நிறப் பொடி தெரிந்தால் புஷ்களைச் சந்தேகிக்க வேண்டும். இரும்புத் துகள் பளபளத்தால் எஞ்சினை மறுபடி இறக்க வேண்டியதுதான்.